விளிம்பில் ஒரு கொக்கி

அக்டோபர் 4

சிமெண்டு கம்பெனிக்காரன் போன வருடம் கொடுத்த டைரி. கிழமைகள் எதுவும் பொருந்தாது. பரவாயில்லை, இந்தத் தூத்துக்குடியில் எதுதான் பொருந்துகிறது.

இனிமேல் சுத்தம் செய்ய வரும் ஒவ்வொரு லென்ஸும் வரும்போது எந்த நிலைமையில் இருந்தது என்று எழுதிவைக்கப் போகிறேன். காரணம் இசக்கிராஜ். கல்யாணப் போட்டோக்காரன். மணமேடையில் பீய்ச்சும் நுரை, பன்னீர், நலங்கு மஞ்சள் எல்லாவற்றையும் லென்ஸில் வாங்கிக்கொண்டு வருபவன். போன வாரம் துடைத்துக் கொடுத்ததை இன்று திருப்பிக் கொண்டுவந்து, "சார், உள்பக்கம் ஒரு நூல் ஒட்டிருக்கு பாருங்க" என்றான். என் அறையிலிருந்து போன லென்ஸில் நூல்! டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "இந்தா இருக்குல்லா சார்" என்று என் இடுக்கியையே எடுத்து ஒரு நூலை இழுத்துக் காட்டினான்.

அவன் சட்டையிலிருந்து விழுந்ததுதான். சந்தேகமில்லை.

அக்டோபர் 5

வேலை செய்யும் முறையையும் எழுதிவிடுகிறேன். நான் செத்தபின் எவனாவது படித்துத் திருந்தட்டும்.

முதலில் ப்ளோயரால் ஊத வேண்டும். வாயால் ஊதுகிறவன் எச்சிலைத் தெளிக்கிறான், அவ்வளவுதான். அடுத்து மெல்லிய தூரிகை. துடைக்கும் திரவத்தை லென்ஸின் மேல் சொட்டுவிடக் கூடாது. சொட்டினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். தாளில்தான் விட வேண்டும். காய்ந்த தாளால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. ஃபில்டரைக் கழற்ற வரவில்லை என்றால் இரண்டு விரலால் நசுக்கித் திருகாமல், ரப்பர் துண்டை அதன் முகத்தில் அழுத்திச் சீராகத் திருப்ப வேண்டும். நசுக்கினால் வளையம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் கோணிய வளையத்தோடு வருவார்கள்.

மற்ற ஊர்களுக்கு ஸ்பிரிட் போதும். இந்த ஊருக்குப் போதாது. இங்கே காற்றிலேயே உப்பு. உப்பு ஸ்பிரிட்டில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்புப் பொருக்குக்குள் கடற்கரை மணல் ஒளிந்திருக்கும். தாளை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தால் அந்த மணலைக் கண்ணாடி மேல் ஏர் ஓட்டுவதுபோல இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே முதலில் டிஸ்டில்டு வாட்டர், அது காய்ந்தபின்தான் ஸ்பிரிட். பள்ளிக்கூடப் பாடம் இது. எம்.எஸ்சி. இயற்பியல் தேவையில்லை. எம்.எஸ்சி. இருந்தும் பயனில்லை என்பது வேறு விஷயம். கல்லூரியில் எனக்கு வர வேண்டிய நிரந்தர வேலையை முதல்வரின் மருமகன் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒளியியல் நடத்துகிறானாம்.

துடைப்பு: நடுவில் தொடங்கிச் சுழித்துக்கொண்டே வெளியே வந்து, விளிம்பில் மணிக்கட்டைச் சற்றுத் திருப்பித் தாளை எடுத்துவிட வேண்டும். ஒரே வீச்சு. நான் இடதுகைக்காரன் என்பதால் என் சுழி மற்றவர்களுக்கு நேரெதிராகப் போகும். மச்சாது பஸ் கண்ணாடி துடைப்பதுபோல வேட்டி நுனியால் இப்படியும் அப்படியும் தேய்ப்பான்.

அவன் பெயரை இதில் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 11

செய்தித்தாள்களில் மையைக் குறைத்துவிட்டார்கள். எழுத்தே தெரியவில்லை. மேசை விளக்கையும் மாற்றினேன். புது விளக்கு பழையதைவிட மோசம்.

ஸ்டெல்லா பள்ளியிலிருந்து வந்து விளக்கைப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஆறு மாசத்துல மூணாவது விளக்கு. எங்க ஸ்கூலுக்கே ரெண்டுதான்" என்றாள். தலைமையாசிரியை அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு.

"நல்ல விளக்கு எவன் செய்யுதான் இப்ப?" என்றேன்.

"நேத்து பீன்ஸுன்னு நெனச்சுப் பச்ச மொளகாயக் கடிச்சியளே, அதுவும் விளக்குச் செஞ்சவன் தப்பா?"

விளக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19

இந்த மாதம் வந்த லென்ஸ்களில் ஐந்தில் உள்ளே பனிபோல மங்கல். பூஞ்சைக்கு முந்திய நிலை. மழைக்காலத்தில் காமிராவைத் துணி பீரோவில் ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்கும் ஊர் இது. ஐந்தில் இரண்டு இசக்கிராஜினுடையவை.

"சார், எனக்கு ஒண்ணும் மங்கலாத் தெரியலயே."

"தெரிஞ்சா நீ ஏன் என்கிட்ட வாற?"

"இல்ல சார், படமெல்லாம் நல்லாத்தான் வருது..."

"உன் படத்துல பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால புகை போட்டு விடுதியே, அதுல மங்கல் எங்க தெரியப் போவுது?"

சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான். இவர்களுக்கு அவமானம் என்பதே கிடையாது.

அக்டோபர் 20

ஒரு சோதனை செய்தேன். அலமாரியில் சீல் உடைக்காத புது ஃபில்டர் ஒன்று இருந்தது. உடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதிலும் அதே பனி. தொழிற்சாலையிலேயே தரம் போய்விட்டது. யாருக்குக் கடிதம் எழுதுவது?

நவம்பர் 2

பிற்பகலில் நல்ல மழை. வாசலில் குடையை உதறும் சத்தம். "ஏ துரை, இருக்கியால?"

இருபத்திரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தக் குரல் மாறவில்லை. மச்சாது. மெலிந்திருந்தான். முடி முழுக்க நரை. நெஞ்சு ஆபரேசன் ஆனது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன்.

"உள்ள வரலாமா, இங்கனயே நிக்கணுமா?"

"செருப்பக் கழத்திட்டு வா."

தோளிலிருந்து ஒரு பையைக் கழற்றி மேசையில் வைத்தான். தூரத்தை இழுத்துக் காட்டும் நீளமான டெலி லென்ஸ். நல்ல சரக்கு. "தொடைக்கணும். பூநாரை வரும்லா, கடைசி மாசத்துல, உப்பளத்துக்கு. அதுக்குள்ள வேணும்."

"உன் வேட்டி நுனி என்னாச்சு?"

"கிழிஞ்சு போச்சு."

சிரிக்காமல் இருக்க நான் சிரமப்பட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"கடலுக்குள்ள கொண்டு போனியா?"

"முந்தாநாள் வள்ளத்துல முயல்தீவுப் பக்கம் போனேன். டாக்டருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். இனும வெயில்ல அலையப்படாதுங்காரு. இந்த ஒரு வருசம் பாத்துருதேன், துரை. அதுக்கு மேல யாரு கண்டா."

காப்பி குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா கேட்டாள். குடித்தான்.

நிலைமை: முன்கண்ணாடி முழுதும் மங்கல். கைரேகை இரண்டு. கீறல் இல்லை.

நவம்பர் 3

விஷயத்தை எழுதிவிட்டால் மனதில் சுமக்க வேண்டியதில்லை.

நானும் மச்சாதுவும் பத்து வருடம் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தினோம். இருவருமாகச் சேர்ந்து ஒரு டெலி லென்ஸ் வாங்கினோம். மணப்பாட்டில் ஒரு கல்யாணம். பிற்பகலில் கடற்கரையில் வைத்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்தோம். மாலை வரவேற்புக்கு நடுவில் பார்க்கிறேன், முன்கண்ணாடியில் வளைந்து ஒரு கீறல். கடற்கரையில் லென்ஸ் அவன் கையில்தான் இருந்தது. எல்லார் முன்னாலும் கேட்டேன். தற்குறி என்றேன். அவன் என்னைப் பார்த்து, "நீதானல கடைசியா தொடச்ச" என்றான். பழியைத் திருப்பிப் போடும் தந்திரம். மறுநாளே பிரிந்தோம். லென்ஸை நான் எடுத்துக்கொண்டேன், சாட்சிக்கு.

அது இன்னும் பீரோவில் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பா. மாதந்தோறும் முதல் தேதி ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மாற்றுகிறேன். ஒரு நாள் அவன் வந்து கேட்டால் காட்ட வேண்டும் என்று.

நேற்று வந்தான். காட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 6

அவன் லென்ஸின் பின்கண்ணாடியைத் துடைத்தேன். ஃபில்டரையும் துடைத்தேன். மங்கல் போகவில்லை. மறுபடி துடைத்தேன். மறுபடியும். அவனைப் போலவே அவன் லென்ஸும்.

"மூணு நாளா அதையே பாத்துக்கிட்டு இருக்கிய" என்றாள் ஸ்டெல்லா.

"உள்ள பனி புடிச்சிருக்கு. பிரிச்சுத்தான் பாக்கணும்."

அவள் வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "பளிங்கு மாதிரி இருக்கு."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். கண்ணு தெரியும்."

நவம்பர் 8

காலை பத்து மணி இருக்கும். முன்கண்ணாடி மட்டும் பாக்கி. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். உப்பு எதுவும் தென்படவில்லை. எண்ணெய்ப் படலம்தான் என்று தோன்றியது. அவனுக்குப் போய் இரண்டு முறை துடைப்பதா என்று தண்ணீரை விட்டுவிட்டு நேரே ஸ்பிரிட்டுக்குப் போனேன். நடுவில் தொடங்கிச் சுழித்து வெளியே வந்தேன்.

சத்தம் கேட்டது. யாரும் கேட்க முடியாத அளவு சின்னச் சத்தம். நான் கேட்டேன்.

நவம்பர் 9

மழை. வேலை செய்யவில்லை.

நவம்பர் 10

வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். பனி இல்லை. மச்சாதுவின் லென்ஸில் இல்லை, சீல் உடைத்த ஃபில்டரில் இல்லை, செய்தித்தாளிலும் மை சரியாகவே இருக்கிறது. வலது கண்ணைத் திறந்தால் எல்லாவற்றிலும் பனி.

தூக்கம் போதவில்லை. வலது கண் எப்போதும் சற்றுச் சோம்பேறிதான்.

இடது கண்ணால் பார்க்கும்போது கீறல் நன்றாகத் தெரிகிறது. முன்கண்ணாடியின் பாதியிலிருந்து வளைந்து விளிம்புவரை போகிறது.

நவம்பர் 12

பீரோவிலிருந்து பழைய லென்ஸை எடுத்தேன். அதன் கீறலைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. டப்பாவைத் திறப்பேன், ஜெல் மாற்றுவேன், மூடுவேன். இருக்கிறது என்பது போதும். இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டார்ச்சைச் சாய்த்து அடித்தேன்.

இரண்டு கீறலும் இடப்பக்கமாகச் சுழிகின்றன. இரண்டும் வெளியே போகப் போக அகல்கின்றன. இரண்டுக்கும் விளிம்பில் ஒரு சிறு கொக்கி, மணிக்கட்டு திரும்பிய இடம்.

வேட்டி நுனியால் இப்படியும் அப்படியும் தேய்க்கிறவன் கொக்கி போடமாட்டான்.

அன்று கடற்கரையிலிருந்து மண்டபத்துக்கு வந்ததும் நான் லென்ஸைத் துடைத்தது உண்மைதான். வரவேற்பு ஆரம்பிக்கப்போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். பையில் ஸ்பிரிட் இருந்தது. தண்ணீர் இருந்ததா என்று நினைவில்லை.

இருந்திருக்காது.

அன்று எனக்கு முப்பத்திரண்டு வயது. கண்கள் இரண்டும் நன்றாக இருந்தன. கண்ணைக் குறை சொல்ல முடியாது.

நவம்பர் 13

நவம்பர் 2 குறிப்பில் "கீறல் இல்லை" என்று முடித்திருக்கிறேன். "கீறல்" என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை அடித்துவிட்டு "ஒன்று, வளைவாக" என்று எழுத இடம் இருக்கிறது. மை ஒன்றுதான். கையெழுத்து ஒன்றுதான். வரும்போதே இருந்தது என்று சொன்னால் அவன் மறுக்க முடியாது. இந்த ஊரில் அவன் பேச்சையா நம்புவார்கள், என் பேச்சையா? இருபத்திரண்டு வருடமாக என் பேச்சைத்தான் நம்புகிறார்கள்.

பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா வந்து பார்த்தாள். மேசையில் இரண்டு லென்ஸ். டார்ச்சை அணைத்துவிட்டுப் போனாள். அது எரிந்துகொண்டே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 15

மச்சாது வீட்டுக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் மாடி. படியேறும்போது பேச வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். உப்பின் கரைதிறனில் தொடங்கி, ஒரு வகுப்பு நேரத்துக்கு இருந்தது. கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்தேன். "இது உன்னுது. இது நம்மது."

"நம்மதுன்னா என்னல?" என்று கேட்டவன், பழைய லென்ஸைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டுலயும் கீறல் இருக்கு. ரெண்டும் நான் போட்டது."

டார்ச்சை வாங்கிப் புதியதைப் பார்த்தான். பிறகு பழையதைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் பார்த்தான். "ஆமா. பீச்சாங்கைச் சுழி" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். பத்து வருசம் பக்கத்துல இருந்திருக்கேன், நீ தொடச்சா ஈரம் எப்பிடிக் காயும்னு எனக்குத் தெரியாதால? சொன்னம்லா, நீதான் கடைசியா தொடச்சன்னு. நீ கல்யாண வீட்டுல அத்தன பேரு முன்னால என்னத் தற்குறின்ன. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வந்து என்னயக் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனாரு. சோறு கூடத் திங்கல அன்னைக்கு."

அவன் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"அப்பம் எதுக்கு இதயும் எங்கிட்டக் கொண்டுவந்த?"

"இந்த ஊருல வேற எவம்ல ஒழுங்காத் தொடைப்பான்?"

பழைய லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தான். "ஏ துரை! ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லயேல! இருவத்திரண்டு வருசம், இந்த உப்புக்காத்துல! என் வீட்டுல என்னயவே எவளும் இப்பிடிப் பத்திரமா வச்சதில்ல." உள்ளே இருந்து அவன் மனைவி ஏதோ பதில் சொன்னாள். அதை எழுதுவதற்கில்லை.

என்னிடம் நீட்டினான். வாங்கி, தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தேன்.

"எதுக்குல கோழி மாதிரி ஒருக்களிச்சுப் பாக்க?"

"ஒண்ணுமில்ல."

"எத்தன நாளா?"

"ஒண்ணுமில்லங்கேன்லா."

"சரி, ஒண்ணுமில்ல. திங்கக்கிழம காலைல வாறேன், கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்."

இரண்டு லென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது கேட்டேன். "உன் லென்ஸுக்கு என்ன செய்ய? பூநாரை..."

"படத்துல வராதுல இது" என்றான். "அன்னைக்கும் வரல. அந்தக் கல்யாண ஆல்பத்த இப்பவும் மணப்பாட்டுல வச்சிருக்காவ. போய்ப் பாரு."

முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் படத்தில் விழுவதில்லை. கண்ணாடியின் மற்ற பரப்பு முழுவதும் ஒளியைச் சரியாகவே கொண்டுவந்து சேர்த்துவிடும். தற்காலிக விரிவுரையாளனாக இருந்த மூன்று வருடமும் நானே இதைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியிருக்கிறேன். மணப்பாட்டில் அன்று மாலையும் எனக்கு இது தெரியும்.

நவம்பர் 18

கண்புரை. வலது கண்ணில் முற்றிவிட்டதாம். டாக்டர் சின்னப் பெண். "எத்தனை மாசமா மங்கலாத் தெரியுது சார்?" என்றாள். நான் யோசிப்பதற்குள் ஸ்டெல்லா, "ஒரு வருசமா டாக்டர். மூணு விளக்கு மாத்தியாச்சு" என்றாள்.

புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைப்பார்களாம். அதை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டேன். சீல் வைத்து வரும் என்றாள். சீல் வைத்து வந்த பொருளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. இப்போது இல்லை.

பேசிக்கொண்டே டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தாள். ஊதவில்லை. காய்ந்த துணி. இப்படியும் அப்படியும். நான் வாயைத் திறந்தேன். மச்சாது மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

வெளியே வந்ததும் சொன்னான்: "அந்தக் கையாலதான்ல உனக்கு ஆபரேசன். கொஞ்சம் பொறுத்துக்க."

டிசம்பர் 12

ஆபரேசன் முடிந்தது. சொட்டுமருந்து ஒரு நாளைக்கு ஆறு முறை. ஸ்டெல்லா பள்ளிக்கூட மணிபோல விடுகிறாள். கண்ணைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. இத்தனை வருடமாக நான் ஊராருக்குச் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 27

இசக்கிராஜை வரச் சொன்னேன். அந்த ஐந்து லென்ஸ்களில் எதிலும் மங்கல் இல்லை என்று சொன்னேன். மற்ற மூன்று பேருக்கும் அவனையே சொல்லச் சொன்னேன்.

"நான்தான் அப்பமே சொன்னம்லா சார்."

"சொன்ன."

"அப்ப அந்த நூலு?"

"அது உன் சட்டை நூல்தான்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஜனவரி 7

டைரி தீர்ந்துவிட்டது. காலியாகக் கிடக்கும் முன்பக்கங்களுக்குத் திரும்பி வந்து எழுதுகிறேன். இப்போதும் கிழமை பொருந்தவில்லை.

மச்சாது காலையில் வந்தான். செருப்பைத் தானே கழற்றினான். பெரிய அளவில் ஒரு பிரிண்ட். உப்பளத்தில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள், அத்தனையும் ஒரே பக்கம் திரும்பி நிற்கின்றன. தண்ணீரில் அவற்றின் கால்கள் கீழ்நோக்கி இன்னொரு முறை முளைத்திருக்கின்றன.

"எந்த லென்ஸ்ல எடுத்த?"

"நம்மதுல."

உருப்பெருக்கியை எடுத்தேன். இடது கோடியிலிருந்து தொடங்கி, விளிம்புகளில் கூடுதல் நேரம் வைத்து, படம் முழுக்கப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன், தனித்தனியாகவும் பார்த்தேன். வளைவு இல்லை. கொக்கி இல்லை. ஓர் இறகின் மேல் ஒட்டியிருந்த உப்புத் துகள்கூடத் தெரிந்தது. அவன் காப்பி குடித்து முடிக்கும்வரை பார்த்தேன்.

"அடிவானம் வலப்பக்கம் ஒரு டிகிரி சாஞ்சிருக்கு" என்றேன்.

"உன் கழுத்துதாம்ல சாஞ்சிருக்கு" என்றான்.

கழுத்தை நேராக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அடிவானம் சாய்ந்துதான் இருக்கிறது.